பத்தொன்பது நாள் இளவரசர்

நிறுவனத்தில் அவருக்கு வைத்திருந்த பட்டப்பெயர் இளவரசர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் அவருடைய காது கூர்மை, மெக்கானிக்குகளின் குரலோ கனம். காதில் விழுந்த அன்றே அதைத் தன் சொந்தப் பெயராக எடுத்துக்கொண்டுவிட்டார். அடுத்தவர் சிரிப்பதற்குள் தன்னைப் பார்த்துத் தானே சிரித்துவிட வேண்டும் என்பது அவர் கொள்கை. முந்திக்கொண்டால் வலி பாதியாகிவிடும் என்பார். அவர் மனைவி பிசியோதெரபிஸ்ட். பாதியாகாது, இரண்டு தடவை வரும் என்பது அந்த அம்மாவின் தொழில்முறைக் கருத்து.

இளவரசர் ஆன கதை இது. அப்பா ஒரு லிஃப்ட் பராமரிப்பு நிறுவனம் தொடங்கி, ஒற்றை ஆளாக ஓடியாடி, நகரத்தின் முந்நூற்றுச் சொச்சம் லிஃப்டுகளைத் தன் கைக்குள் கொண்டுவந்திருந்தார். மூத்த பிள்ளைக்கு இருபத்தைந்து வயதானபோது அப்பாவுக்கு இதய அறுவை சிகிச்சை. நாற்காலி காலியானது. பிள்ளை உட்கார்ந்தார். மொத்தம் பத்தொன்பது நாள்.

அந்தப் பத்தொன்பது நாளில் அவர் ஆற்றிய பணிகள் இன்றும் நிறுவனத்தில் பேசப்படுகின்றன. முதல் நாளே தன் பெயர் போட்ட விசிட்டிங் கார்டும் லெட்டர்ஹெட்டும் அச்சடிக்கக் கொடுத்தார். மூன்றாம் நாள் ஸ்டூடியோவுக்குப் போய், நேராகப் பார்த்தால் கன்னம் உப்பித் தெரிகிறது என்று பக்கவாட்டில் ஒரு படம் எடுத்து வரவேற்பறையில் மாட்டினார். ஐந்தாம் நாள்தான் பெரிய சீர்திருத்தம். உதிரிபாகக் கிடங்கில் எல்லாம் மாடல் எண் வரிசையில் கிடந்தன. இதென்ன மனிதர்களுக்குப் புரியாத முறை என்று அனைத்தையும் அகரவரிசைக்கு மாற்றினார். அதோடு விட்டாரா? எல்லாவற்றுக்கும் நல்ல தமிழில் பெயரெழுதி ஒட்டினார். ரோலர் தேடி வந்த மெக்கானிக் 'ர'வில் துழாவிக்கொண்டிருக்க, அது 'உ'வில் உருளையாக உட்கார்ந்திருந்தது. பிரேக் ஷூவை இரண்டு நாள் தேடினார்கள். 'த'வில், தடுப்புக் கட்டை. அந்த இரண்டு நாளும் ஒரு ஏழுமாடிக் கட்டடம் முழுவதும் படியேறியது.

பத்தொன்பதாம் நாளுக்குப் பிறகு அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் அவர் தங்கை. பொறியியல் படிப்பு முடித்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. உட்கார்ந்தவர் இருபத்தொன்பது வருடமாக எழுந்திருக்கவில்லை. லிஃப்டுகள் ஆயிரத்தைத் தாண்டிவிட்டன. அண்ணனுக்கு மாடியில் ஓர் அறை, ஆவணப் பிரிவின் தலைவர் என்று ஒரு பலகை. அந்தப் பிரிவில் தலைவர் மட்டும்தான் உண்டு.

தங்கை நாற்காலியைப் பிடுங்கிய கதை என்று இதைக் கூட்டம் சேர்ந்த இடத்தில் எல்லாம் அவரே சொல்வார். "அப்பா ஆஸ்பத்திரில கண்ணு முழிச்சாரு. என்னைப் பாத்தாரு. பதவியப் பறிச்சிட்டாரு. மயக்கம் தெளிஞ்சதும் மனுஷன் பண்ண முதல் வேலையே அதுதான்" என்று முடிப்பார். எல்லோரும் சிரிப்பார்கள். தங்கையும் அங்கே இருந்தால் சிரிப்பார், சற்றுக் குறைவாக.

நாணயங்கள் வந்து சேர்ந்தது பதினோரு வருடங்களுக்கு முன்பு. நண்பரான கண் டாக்டர் ஒரு நாணயக் கண்காட்சிக்குத் துணைக்குக் கூப்பிட்டார். இவருக்கு அதில் ஆர்வம் கிடையாது. உட்கார நாற்காலி கிடைக்கும் என்று போனார். நாற்காலி போட்டிருந்தது ஒரு ரோமானிய நாணய வியாபாரியின் மேசைக்கு எதிரில். மேசையில் விரல்நகம் அளவுக்கு ஒரு வெள்ளிக்காசு. அதில் ஒரு சின்னப் பையனின் பக்கவாட்டு முகம். யார் என்று சும்மா கேட்டுவைத்தார். டயடுமேனியன் என்றார் வியாபாரி. அப்பா சக்கரவர்த்தி ஆனதும் இவனை வாரிசாக அறிவித்துக் காசும் அடித்துவிட்டார்; ஒரு வருடம் சொச்சம் ஓடியது; பிறகு அப்பாவையும் கொன்று, தப்பியோடிய பிள்ளையையும் பிடித்துக் கொன்றுவிட்டார்கள்; பத்து வயதுகூட நிறைந்திருக்காது. காசைத் திருப்பினால் அதே பையன் படைக்கொடிகளுக்கு நடுவில் விறைப்பாக நிற்கிறான். சுற்றிலும் எழுத்து. இளைஞர்களின் தலைவன் என்று அர்த்தமாம்.

நாற்காலி சூடேறும் முன்பே விசிட்டிங் கார்டு அடித்துவிட்டார்கள் என்று இவருக்குத் தோன்றியது. பக்கவாட்டுப் படம் வேறு. இரத்த சம்பந்தம் மாதிரி ஏதோ ஒன்று நெஞ்சைத் தொட்டது. அன்று வாங்கியவர்தான். பிறகு நிற்கவில்லை. அவருடைய சேகரிப்புக்கு ஒரே விதி: பட்டத்துக்கு உரியவன் என்று காசில் ஏறி, பட்டத்தை அனுபவிக்காமல் போனவனாக இருக்க வேண்டும். பெரிய பெரிய சக்கரவர்த்திகளின் காசைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்வார். "நல்லா ஆண்டவங்க எனக்கு வேண்டாம். அவங்களுக்கு ஆயிரம் பேர் இருக்காங்க." முற்றுகையில் மாட்டிக் கொல்லப்பட்ட சலோனினஸ் வந்தான். அவன் அண்ணன் வந்தான். வாழ்நாளில் ஒருமுறைகூடச் சிரித்ததில்லை என்று எழுதிவைத்திருக்கிறார்களே, அந்த இரண்டாம் ஃபிலிப் வந்தான். மென்துணி விரித்த ஒரு பெட்டியில் பதினோரு குழிகள், பதினோரு பிள்ளைகள். மனைவி அவர்களை 'உங்க பசங்க' என்பார். வீட்டைப் பெருக்குகிற நாளில் உங்கள் பசங்களைக் கொஞ்சம் எழுந்து நிற்கச் சொல்லுங்கள் என்பார்.

இந்த வருடம் நாணயச் சங்கத்தின் செயலாளரான அதே கண் டாக்டர், மாதக் கூட்டத்தில் ஒரு மணி நேரம் பேச முடியுமா என்று கேட்டார். இளவரசருக்குத் தலைகால் புரியவில்லை. ஒரு மாதம் தயார்செய்தார். மனைவி துணி மடிக்கும்போது பின்னாலேயே நின்று பேசிப் பார்த்தார். சலோனினஸ் சாகும் இடத்தில் குரலைத் தழதழக்க வைப்பதா வேண்டாமா என்று ஆலோசனை கேட்டார். அந்த அம்மா ஒரு போர்வையின் இரண்டு முனைகளை அவர் கையில் கொடுத்து, முதலில் இதைப் பிடியுங்கள் என்றார்.

சங்கத்தின் கூடம் ஒரு மருந்துக்கடைக்கு மேல்மாடி. வந்தவர்கள் பதினாலு பேர். அதில் நாலு பேர் மழைக்கு ஒதுங்கியவர்கள் என்பது அவர்கள் அடிக்கடி ஜன்னலைப் பார்த்ததில் தெரிந்தது. கணினியை இணைத்துத் திரையில் முதல் படம் தெரிந்த நேரத்தில் மாடிப்படியில் ஒரு கைத்தடி தட்டும் ஓசை. தங்கை. முழங்காலில் பட்டை கட்டிக்கொண்டு, ஒவ்வொரு படியாக ஏறி வந்து, முதல் வரிசையில் உட்கார்ந்தார்.

இளவரசர் அவசரமாகக் குறிப்புகளைப் புரட்டினார். காரணம் உண்டு. பேச்சின் நடுப்பகுதிக்கு அவர் வைத்திருந்த தலைப்பு 'உடன்பிறப்பே எமன்'. அதில் நாயகன் கெட்டா. அண்ணன் கரகலாவோடு சேர்ந்து அரசாளச் சொல்லிவிட்டு அப்பா செத்துப்போக, ஒரு வருடத்துக்குள் அண்ணனே தம்பியைத் தீர்த்துக்கட்டினான். உடன்பிறந்தவர்கள் நாற்காலியைப் பிடுங்கும் கலை என்று இரண்டு நகைச்சுவை வேறு எழுதி வைத்திருந்தார். பிடுங்கியவர் என்று அவர் ஊரெல்லாம் சிரிக்கச் சிரிக்கச் சொல்லிவந்தவர் இப்போது நாலடி தூரத்தில் கைத்தடியோடு உட்கார்ந்திருக்கிறார்.

பேச்சு தொடங்கியது. டயடுமேனியனைக் கொன்றார். ஃபிலிப்பைக் கொன்றார். கெட்டாவின் படம் வரவேண்டிய இடத்தில் பொத்தானை இரண்டு தடவை அழுத்தித் தாண்டினார். கண் டாக்டருக்குக் கண் நன்றாகத் தெரியும்.

"ஒரு படம் ஓடிப்போச்சே. கெட்டா தானே அது?" என்றார்.

"அவனுக்கு அண்ணனோட கொஞ்சம் ஒத்துவரல. இடத்தக் காலி பண்ண வேண்டியதாயிடுச்சு" என்றார் இளவரசர்.

அம்மாவின் மடியில் வைத்து அல்லவா குத்திக் கொன்றார்கள் என்று பின்வரிசையில் ஒருவர் எடுத்துக்கொடுத்தார். மழைக்கு ஒதுங்கியவர்களில் ஒருவர் முதல்முறையாக ஜன்னலிலிருந்து திரும்பினார். தங்கை கைக்குட்டையை வாயில் வைத்துக்கொண்டார். சிரிப்பா இருமலா என்று தெரியவில்லை.

வேர்த்துக்கொட்ட, கடைசிப் படத்துக்கு ஓடிவந்தார் இளவரசர். இதுதான் உச்சம். இரண்டாம் டெட்ரிகஸ். பிரிந்துபோன ஒரு சின்ன சாம்ராஜ்யத்தின் வாரிசு. அப்பாவும் பிள்ளையும் தோற்றார்கள். ரோமின் தெருக்களில் வெற்றி ஊர்வலத்தில் அவர்களை நடத்திக் கூட்டிப்போனார்கள். அங்கே இளவரசர் குரலைத் தழதழக்க வைத்தார். ஊர்வலம் முடிந்த இடத்தில் அந்தப் பையனின் வாழ்வும் முடிந்தது என்றார். ஒரு நொடி மௌனம் விட்டார். மனைவி முன்னால் பழகிப் பார்த்த மௌனம் அது.

மூன்றாம் வரிசையில் ஒரு பெண் கையைத் தூக்கினார். நூலகராக வேலை பார்ப்பவர்.

"அவங்கள மன்னிச்சு விட்டுட்டாங்களே சார்? அப்பாவுக்குப் பெரிய உத்தியோகமே குடுத்தாங்க. பையனும் மரியாதையாத்தான் இருந்திருக்கான்னு படிச்சிருக்கேன்."

கண் டாக்டர் ஆமாம் என்று தலையாட்டினார். இளவரசர் திரையைப் பார்த்தார், காசைப் பார்த்தார். ஆறு வருடமாக இந்தப் பையனுக்காக மனம் உருகியிருக்கிறார். ஒருமுறை கண்ணீர்கூட வந்திருக்கிறது. அந்தப் பையனோ வயதாகி, வழுக்கை விழுந்து, பேரப்பிள்ளைகளைக் கொஞ்சியிருப்பான் போலிருக்கிறது. ஒரு புத்தகத்தை எடுத்து இரண்டு பக்கம் கூடுதலாகப் படித்திருந்தால் தெரிந்திருக்கும். அவர் ஊர்வலத்தோடு மூடிவிட்டார். கூடம் முழுவதும் தன்னையே பார்ப்பதைக் கண்டு, "உயிரோட இருந்தானா? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே" என்றார். பதினாலு பேரும் சிரித்தார்கள். அசடு வழிந்த முகத்தோடு பேச்சை அங்கேயே முடித்துக்கொண்டார்.

மழை நின்று எல்லோரும் கலைந்த பிறகும் தங்கை எழுந்திருக்கவில்லை. இறங்குவது ஏறுவதைவிடக் கஷ்டம், கொஞ்சம் பொறு என்றார். அண்ணன் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். கெட்டாவை ஏன் தாண்டினாய் என்று தங்கை கேட்டார். அண்ணன் பெட்டியின் மூடியைத் திறந்து மூடினார்.

"அண்ணா, ஒண்ணு கேக்கறேன். உன்னை அப்பா எப்ப எடுத்தாரு?"

"ஆஸ்பத்திரில. கண்ணு முழிச்சதும்."

"அவரு கண்ணு முழிச்சது ஆபரேஷன் ஆன மறுநாள். நீ அதுக்கப்புறம் ரெண்டு வாரத்துக்கு மேல உக்காந்திருந்த."

அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். சரியாகத்தான் இருந்தது.

"உன்னை யாரும் எடுக்கல. நீயே எழுதிக்குடுத்த. லெட்டர் என் டிராயர்லதான் இருக்கு. புதுசா அடிச்சியே அந்த லெட்டர்ஹெட்டு, அதுலதான் எழுதியிருந்த. அதுல போன ஒரே லெட்டரு அதுதான்னு நினைக்கறேன்."

தங்கைக்கு அந்தக் கடிதம் மனப்பாடமாகவே இருந்தது. என்னால் முடியவில்லை, காலையில் எழுந்ததும் வயிறு வலிக்கிறது, தங்கைக்கு இது பிடிக்கும், அவளிடம் கொடுங்கள். நாலே வரி. அப்பா படித்துவிட்டு, பரவாயில்லை, சீக்கிரம் சொல்லிவிட்டான் என்றாராம். கோபப்படவில்லை. அன்று மத்தியானம் இரண்டு இட்லி கூடுதலாகச் சாப்பிட்டார் என்று சொன்னால் நன்றாக இருக்கும். ஆனால் அவருக்கு அப்போது கஞ்சிதான் அனுமதி.

இளவரசருக்கு மெல்ல மெல்ல ஞாபகம் வந்தது. வலது பக்கம் சுருட்டிப் பிடித்த அந்த வயிற்றுவலி. கடிதத்தை அப்பாவின் தலையணை ஓரமாக வைத்துவிட்டு வந்தது. அன்று பகல் முழுவதும் கும்பகர்ணனாகத் தூங்கியது. எழுந்தபோது வலி இல்லாதது. இவ்வளவையும் எப்படி மறந்தார்? மறக்கவில்லை, மாற்றிக்கொண்டார். பதவி பறிக்கப்பட்டவன் என்றால் அதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. வயிற்றுவலியால் விட்டுவிட்டுப் போனவன் என்றால் என்ன இருக்கிறது, ஒரு மாத்திரையைத் தவிர? நிறுவனத்தின் காகிதம் அத்தனையையும் இருபத்தொன்பது வருடமாகக் காத்துவந்த ஆவணப் பிரிவுத் தலைவருக்குத் தன் ஒரே ஆவணம் எங்கே என்று தெரியவில்லை.

"தமாஷுக்குத்தானே சொல்லிட்டிருந்தேன்" என்றார். "என்னைத்தானே கிண்டல் பண்ணிக்கிட்டேன்."

"உன்னைப் பண்ணிக்கோ. ஆனா அந்தக் கதையில நானும் இருக்கேன். அண்ணனத் தள்ளிட்டு உக்காந்தவதானேன்னு என் முகத்துக்கு நேரா கேட்டிருக்காங்க. என் கல்யாணத்துல நீயே மைக்ல சொன்ன. எல்லாரும் சிரிச்சாங்க, நானும் சிரிச்சேன்."

தங்கை கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. முந்திச் சிரித்தால் யாருக்கும் அடிபடாது என்று நினைத்திருந்தார். இத்தனை வருடமும் அடி பக்கத்தில் இருந்தவர் மேல் விழுந்துகொண்டிருந்திருக்கிறது. ஏதாவது சொல்ல வேண்டும் என்று தொண்டையைச் செருமினார். வாயில் வந்ததெல்லாம் நகைச்சுவையாகவே வந்தது. அதனால் பேசாமல் இருந்தார். அவர் வாழ்க்கையில் அப்படி இருந்தது அநேகமாக அதுவே முதல்முறை.

பிறகுதான் தங்கை வந்த காரியம் தெரிந்தது. அடுத்த வாரம் முழங்கால் அறுவை சிகிச்சை. மூன்று வாரம் அலுவலகம் வர முடியாது. நாற்காலியில் ஓர் ஆள் வேண்டும்.

"நானா?"

"நீதான். நீ எதையும் மாத்த மாட்ட. இப்ப எனக்கு வேண்டியது பயந்த ஆள்தான்."

மனைவியிடம் சொன்னபோது அந்த அம்மா ஒன்றே ஒன்று சொன்னார்: வயிறு வலித்தால் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

இரண்டாம் ஆட்சி தொடங்கியது. வரவேற்பாளர் பெண் மஞ்சள் சீட்டு ஒட்டித்தந்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டார். ஒட்டாத இடத்தில் போடவில்லை. கிடங்குப் பக்கம் கால்வைக்கவே இல்லை. இரண்டாம் நாள் தேநீர் இடைவேளையில் மெக்கானிக்குகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என்னை யாரும் எடுக்கவில்லை, நானேதான் எழுதிக்கொடுத்துவிட்டு ஓடினேன், மேடம் யாரையும் தள்ளவில்லை என்று சிரிக்காமல் சொன்னார். ஓய்வுபெறும் வயதில் இருந்த மூத்த மெக்கானிக் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எங்களுக்கு அப்பவே தெரியும் சார்."

"அப்புறம் ஏன் ஒருத்தரும் சொல்லல?"

"நீங்க அவ்ளோ நல்லா சொல்லுவீங்க. எதுக்குக் கெடுக்கணும்னு விட்டுட்டோம்."

வயிறு வலிக்கவில்லை. எட்டு நாள் போயின. ஒன்பதாம் நாள் காலை பதினோரு மணிக்கு அவசரத் தொலைபேசி அடித்தது. லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டவர்கள் பொத்தானை அழுத்தினால் நேராக அலுவலகத்துக்கு வரும் இணைப்பு. வரவேற்பாளர் மற்றொரு அழைப்பில் இருந்தார். இளவரசர் எடுத்தார். ஒரு பல் மருத்துவமனைக் கட்டடத்தில் மூன்றாம் நாலாம் மாடிகளுக்கு நடுவே லிஃப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரே ஒரு பெண்மணி. குரல் நடுங்கியது. மெக்கானிக் கிளம்பிவிட்டார், ஆனால் போக்குவரத்து நெரிசல், நாற்பது நிமிடம் ஆகும். அதுவரை அவரைப் பேச்சில் வைத்திருக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் நடைமுறை. அதை எழுதிய காகிதத்தை மாடியில் நேர்த்தியாகக் கோத்துவைத்தவர் அவரேதான். படித்ததில்லை.

காற்று தாராளமாக வரும், பயப்படாதீர்கள் என்றார். அந்த அம்மா சரி என்றார். அதற்குப் பிறகு என்ன பேசுவது? வானிலை இரண்டு நிமிடத்தில் தீர்ந்துபோனது. அவருக்கு ஒரு மணி நேரம் பேசும் அளவுக்குத் தயாராக இருந்த விஷயம் உலகத்தில் ஒன்றுதான். ஆரம்பித்துவிட்டார். டயடுமேனியன் ஓடினான். பிடித்தார்கள். சலோனினஸை முற்றுகையிட்டார்கள். மறுமுனையில் அந்த அம்மா முதலில் உம் கொட்டினார், பிறகு கொட்டவில்லை. ஃபிலிப்பை நெருங்கும்போது கேட்டார்:

"சார், அங்க வேற யாராவது இருக்காங்களா?"

அவர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் வரவேற்பாளரைப் பார்த்தார். அந்தப் பெண் ரிசீவரை வாங்கி, வணக்கம்மா, எந்தப் பல் என்றார். அவ்வளவுதான். கடைவாய்ப் பல்லில் தொடங்கிய பேச்சு நாத்தனாரில் போய் நின்றது. மெக்கானிக் கதவைத் திறந்தபோது, ஒரு நிமிஷம் இருங்கள், முடித்துவிட்டு வருகிறேன் என்று அந்த அம்மாவின் குரல் கேட்டது.

இருபத்திரண்டாம் நாள் தங்கை திரும்பிவந்தார். கைத்தடி இல்லை. என்ன நடந்தது என்று கேட்டார். ஒன்றும் நடக்கவில்லை என்றார் அண்ணன். நல்லது என்று உட்கார்ந்து தபாலைப் பிரித்தார். மேலாக இருந்தது அந்தப் பெண்மணியின் கடிதம். தங்கை வாய்விட்டுப் படித்தார்.

"தங்கள் லிஃப்ட் பழுதானது குறித்து எனக்குப் புகார் இல்லை. ஆனால் தங்கள் அதிகாரி ஒருவர், நான் உள்ளே மாட்டிக்கொண்டிருந்த நேரத்தில், ஐந்து குழந்தைகள் கொல்லப்பட்ட விவரத்தை எனக்கு விளக்கினார். நான் பல் பிடுங்கப் போய்க்கொண்டிருந்தேன் என்பதைத் தங்கள் கனிவான கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்."

தங்கை சிரித்தார். புது முழங்காலைப் பிடித்துக்கொண்டு, மேசையில் நெற்றியை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்கச் சிரித்தார். ஐந்தில்லை, இரண்டுதான், அந்த அம்மா கூட்டிச் சொல்கிறார் என்றார் அண்ணன். அதற்கும் சிரித்தார். இவருக்கும் தொற்றிக்கொண்டது. கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நானே எழுதிவிடுகிறேன் என்று ஒரு மன்னிப்புக் கடிதத்தைத் தட்டச்சு செய்து கொண்டுவந்தார். நன்றாகவே எழுதியிருந்தார். ஒரு பையனின் பெயர்கூட அதில் இல்லை. கீழே கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

"அண்ணா, உன் அதிகாரம் நேத்தோட முடிஞ்சுது. இப்ப நீ போட்டா செல்லாது" என்று தங்கை காகிதத்தைத் தன் பக்கம் இழுத்து, தன் பெயரில் கையெழுத்திட்டு, உறையில் போட்டு ஒட்டச் சொல்லி அவரிடமே கொடுத்தார்.